சீட்டின் முதுகு

நாலாவது நாளாக மழை
முரோஸ் துறைமுகத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது
எர்மிட்டாஸ் தன் மடிக்கணினியை
மீன் பொதியும் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள்.
"விண்டோஸ் என்னைக் கைவிட்டுவிட்டது" என்றாள்,
கணவன் போனதைச் சொன்ன அதே குரலில்.

அடுத்த பதிப்புக்கு உன் இயந்திரம் தகுதியானதல்ல
என்று திரை சொல்லியிருக்கிறது.
இயந்திரத்துக்கு வயது ஒன்பது.
அவளுக்கு அறுபத்தொன்று.
தகுதி பற்றி அவளிடம் யாரும் பேசக்கூடாது.

லினக்ஸ் ஏற்றினேன்.
ஏறும் வரை பேசினேன். அது என் வியாதி.
விடுதலை என்றேன், திறந்த நிரல் என்றேன்,
முகம் தெரியாத ஆயிரம் பேர்
தூக்கம் கெட்டு எழுதியது என்றேன்.
அவள் என் அடுப்பையே பார்த்திருந்தாள்.
"காப்பி பொங்குது" என்றாள்.

தூண்டில், கயிறு, ரப்பர் காலணி விற்ற கணக்கு;
நமீபியக் கடலில் இழுவைக் கப்பலில் இருக்கும்
மகன் ஃபிஸ்ஸின் முகம்;
இரவில் தூக்கம் வரும்வரை தனியாள் சீட்டு.
அவ்வளவுதான் அவள் கேட்டது.
செருகியதும்
மூன்று வருடமாய் ஊமையாய்க் கிடந்த அச்சுப்பொறி
தானாகவே ஒரு தாளைத் துப்பியது.
நான்தான் செய்தேன் என்பதுபோல் நின்றேன்.

வரி அலுவலகத்தின் கையொப்பக் கோப்பு மட்டும்
என்னைத் தெரியாது என்றது.
ஒரு மாலை. இன்னொரு மாலை.
மூன்றாம் மாலை கறுப்புச் சன்னலைத் திறந்து
வரிவரியாய்த் தட்டினேன்,
விரல்கள் கொஞ்சம் அலட்டிக்கொண்டன.
கையொப்பம் விழுந்தது.
எர்மிட்டாஸ் கைதட்டவில்லை.
"நான் தனியா இருக்கிறப்போ
இதையெல்லாம் யார் தட்டுவாங்க?"

அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.
என் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி
மூடியின் உட்புறம் ஒட்டினேன்.
விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும்
எங்கோ ஒரு மருமகன், ஒரு பக்கத்து வீட்டுப் பையன்
இப்படி ஒட்டியிருப்பான்;
அவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

மைத்துனர் லோய்ஸ் சோதிக்க வந்தார்.
மத்தி டப்பாத் தொழிற்சாலையில் கணக்கர்,
இருபத்தாறு வருடம் எக்ஸெல்.
"சி எங்கே?" என்றார்.
சி இல்லை என்றேன்.
வீடு மாறியவன் இருட்டில் சுவிட்சைத் துழாவுவதுபோல்
அவர் விரல்கள் பழைய இடங்களில் அழுத்தின;
சுவர்தான் அகப்பட்டது.
அவர் வளர்த்த சூத்திரங்கள்
செத்த மீன்களாய் மல்லாந்து மிதந்தன.
"பொம்மை" என்று எழுந்தவர்
குடையை மறந்துவிட்டு மழையில் போனார்.

ஒன்றும் தெரியாதவளுக்கு இரண்டும் ஒன்று,
பாதி தெரிந்தவனுக்குத்தான் பாடு
என்று இங்கே முடித்துவிடலாம்.
ஆனால் எர்மிட்டாஸ் ஒன்றும் தெரியாதவள் இல்லை.
வலையின் கண்ணைக் கட்டைவிரலால் தொட்டு
எந்த மீன் தப்பும் என்று சொல்வாள்.
லோய்ஸும் முட்டாள் இல்லை.
அவர் சொன்னது பாதி உண்மை.
அன்றிரவு நெடுநேரம்
அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, இரவு பதினொன்று. அழைத்தாள்.
ஏதோ புதுப்பிப்பு எதையோ உடைத்திருக்கும்
என்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
"சீட்டோட முதுகு நீலமா இருக்கும். இது சிவப்பு.
சிவப்புல எனக்கு ஆட்டம் கூடறதில்ல."
நான் பட்டியல் பட்டியலாய்த் தேடினேன்.
"நகரு" என்று எலியை வாங்கி
நான் ஒருபோதும் திறந்திராத ஒரு மூலையில்
நீலத்தைக் கண்டுபிடித்தாள்.
என்னை ஏன் கூப்பிட்டாள் என்று கேட்கவில்லை.

அப்போது ஃபிஸ் அழைத்தான்.
தாடியில் உப்பு, பின்னால் சாய்ந்தாடும் தளம்.
"அம்மா, இன்னிக்கு வலை..." என்றபடி
பாதி வாயில் உறைந்துபோனான்.
எர்மிட்டாஸ் திரையைத் தொட்டாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"இது லினக்ஸா, கடலா?"

கடல் என்றேன்.
எனக்குத் தெரியாது.